பொன்முடி ஏற எந்தப் பழைய சைக்கிள்?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி சுமார் 55 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. 2023 அக்டோபர் கடைசி வாரம் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பும் அதில் இருந்ததால் பல நாடுகளின் தேர்ந்த வீரர்கள் வந்து குவிந்தார்கள். கார்பன் ஃபிரேம், 29 அங்குலச் சக்கரம், டிஸ்க் பிரேக் என்று வண்டிகளைப் பார்த்தாலே விலை தெரிந்தது.

இதே மலையில் பழைய வண்டிகளுக்கு மட்டும் ஒரு பந்தயம் வைத்தால் எதை எடுத்துக்கொண்டு போவது? விசித்திரமான கேள்வியல்ல. இத்தாலியில் 1997 முதல் நடக்கும் எரோயிகா சைக்கிள் ஓட்டத்துக்கு 1987-க்கு முந்தைய ரோடு சைக்கிள்களோடு ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். மலை வண்டியில் பழையது எது என்பதுதான் சற்றுச் சிக்கல். ஏனென்றால் மலைச் சைக்கிள் பிறந்ததே பழைய வண்டியில்தான்.

1976 அக்டோபர் 21 அன்று கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலுள்ள மண்பாதையில் சில இளைஞர்கள் மலையிறங்கும் பந்தயம் வைத்தார்கள். அவர்களிடம் இருந்தவை பெரும்பாலும் 1930, 40-களில் செய்த ஷ்வின் சைக்கிள்கள். பழைய சாமான் கடைகளில் கிடந்தவை. தடித்த டயர், பெடலைப் பின்னால் மிதித்தால் ஹப்புக்குள்ளேயே பிடிக்கும் கோஸ்டர் பிரேக். மூன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம் என்றால் அந்த பிரேக் என்ன பாடுபடும்? ஹப் கொதித்து, கிரீஸ் எரிந்து புகை கிளம்பும். ஒவ்வொரு தடவை இறங்கியதும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது அதனால்தான். முதல் பந்தயத்தில் ஜெயித்த ஆலன் பாண்ட்ஸ், அன்று கீழே விழாமல் வந்து சேர்ந்த ஒரே ஆள். பின்னாளில் கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 வினாடியில் இறங்கினார். அந்தச் சாதனை முறியடிக்கப்படவே இல்லை.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மலைக்கென்றே ஃபிரேம் வடிவமைத்து ஜோ பிரீஸ் 1977-இல் முதல் வண்டியைச் செய்தார். அது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் கடைக்கு வந்தது. 1990-இல் அதிகாரபூர்வமான முதல் உலக சாம்பியன்ஷிப், 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்.

இதற்கெல்லாம் முன்பே திருவனந்தபுரத்துச் சைக்கிள் வேறு வேலையில் இருந்தது. நகரின் ஓரம் தும்பாவில், ராக்கெட்டின் கூம்பு முனையைக் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் காட்சியைப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோன் படமெடுத்தார். இந்திய விண்வெளி வரலாறு என்றாலே எடுத்துக் காட்டப்படும் படம் அது. அத்தகைய வண்டி எதையும் சுமக்கும். ஆனால் கியர் கிடையாது, பிரேக்கோ கம்பி பிரேக். மலையேற்றத்தில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

தொண்ணூறுகளில் ஹீரோ ரேஞ்சர் போன்ற வண்டிகள் வந்தன. நேர் ஹேண்டில் பார், முள் முள்ளான டயர் என்று மலைத் தோற்றம் இருந்தாலும் உள்ளே சாதா இரும்பும் ஒற்றை கியரும்தான். அன்றைய பள்ளிப் பையன்கள் இதைக் கேட்டால் சண்டைக்கு வரலாம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு: ரீபேக்கில் முதலில் ஓடியவையும் பெரும்பாலும் கனத்த, கியர் இல்லாத வண்டிகளே. இறங்க மட்டும் என்றால் ரேஞ்சர் போதும். பொன்முடியில் ஏறவும் வேண்டுமே!

ஆகவே தேட வேண்டியது 1980-களின் கடைசிக்கும் 1990-களின் நடுவுக்கும் இடையில் செய்த குரோமோலி எஃகு ஃபிரேம், சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க். அன்றைய சஸ்பென்ஷன் ஃபோர்க்குகள் பலவற்றில் ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டோமர் துண்டுகள் இருந்தன. இத்தனை வருடத்தில் அவை உதிர்ந்தோ பிசினாகியோ போயிருக்கும். 1980-களின் பிற்பகுதியில் பின் பிரேக்கை பெடல் அச்சுக்கு அருகே, கீழே மாட்டும் யு-பிரேக் மோகம் ஒன்று இருந்தது. சேறு அப்பி நிற்கும் இடமே அதுதான். அக்டோபர் துலாவர்ஷ மழையில் அது வேண்டாம். கேன்டிலீவர் பிரேக் இருந்தால் நல்லது. குரோமியம் பூசிய இரும்பு ரிம்மும் ஆகாது. நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். அலுமினிய ரிம் தேவலை. கட்டை விரலால் தள்ளும் பழைய கியர் லீவரில் ‘கிளிக்’ இல்லாத நிலையும் இருந்தால் எந்தச் சங்கிலிச் செட்டோடும் ஒத்துப்போகும்.

கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றின் வேலையையும் பார்க்க வேண்டும். சீட் கம்பியை உருவிவிட்டு வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் உள்ளிருந்து துருப்பொடி கொட்டுகிறதா என்று தெரிந்துவிடும். கொஞ்சம் என்றால் பரவாயில்லை. கைப்பிடியளவு என்றால் விலை பேசாமல் கிளம்பிவிடலாம். சீட் கம்பி உருவவே வரவில்லை என்றால், அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று அரித்து இறுகியிருக்கிறது. அதை எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். டயரின் பக்கவாட்டில் 559 என்ற எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்த 26 அங்குல டயர் நம்மூர்க் கடைகளில் இன்றும் கிடைக்கும். 26 அங்குலம் என்றே எழுதிய 590 இதற்குப் பொருந்தாது.

சைக்கிள் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொன்முடியில் போட்டி நடத்தும்போது பழைய வண்டிகளுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். 26 அங்குலச் சக்கரம், எஃகு ஃபிரேம், ரிம் பிரேக் வேண்டும், சஸ்பென்ஷன் கூடாது: விதிகள் இந்த நான்கு போதும். ரேஞ்சர்காரர்களுக்கு இறக்கத்தில் மட்டும் தனிப் பிரிவு வைத்துவிடலாம்.