தந்தையின் நூலும் நண்பர்களின் மறுப்பும்: வீட்டுவழிச் செவ்வியல் கல்வியில் கலந்துரையாடலின் இடம்

பள்ளிப் படி ஏறாமலே செவ்வியல் கல்வி பெற்றவர்களில் அதிகம் பேசப்படுபவர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873). மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன். ஆசிரியர், தந்தை ஜேம்ஸ் மில். வீட்டுவழிக் கல்வியை ஆதரிப்போர்க்கு அவருடைய புலமை சான்று. எதிர்ப்போர்க்கு 1826இல் அவரை ஆட்கொண்ட மனச்சோர்வு சான்று. அவருடைய தன்வரலாற்றில் இந்த வழக்குக்கு இவ்விரண்டையும்விட நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. கலந்துரையாடல் என்பது வீட்டுவழிக் கல்வியின் மேல்வகுப்பு அலங்காரம் அன்று, வீடு தன்னளவில் தர முடியாத ஒரே கூறு அதுதான் என்ற கருத்துக்கு அப்பகுதி வலுவான ஆதாரம்.

மில்லின் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தாம் ஒருமுறைகூடக் காணாத இந்தியாவின் வரலாற்றைத் தந்தை எழுதிக்கொண்டிருக்க, அதே மேசையில் உட்கார்ந்து மகன் கிரேக்கப் பாடம் படித்தார். கிரேக்கத்துக்கு ஆங்கிலத்தில் பொருள் சொல்லும் அகராதி அன்று இல்லாததால், தெரியாத சொல்லுக்கெல்லாம் தந்தையைத்தான் கேட்க வேண்டும். பொறுமைக்குப் பெயர்போகாத ஜேம்ஸ் மில் இந்த இடையூறுகளைப் பொறுத்துக்கொண்டே பெரும் பகுதியை எழுதி முடித்தார். காலை நடையின்போது, முந்தைய நாள் படித்ததைத் துண்டுத்தாள் குறிப்புகளின் துணையோடு மகன் சொல்ல வேண்டும். மகன் தானே முயன்று பார்த்துத் தோற்ற பிறகுதான் தந்தையின் விளக்கம் வரும். இதை உருப்போடும் கல்வி என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. மற்றச் சிறுவர்களோடு பழகாதபடி மில் கவனமாகக் காக்கப்பட்டார். கேட்பவர், திருத்துபவர், மெச்சுபவர், சோறு போடுபவர் எல்லாம் ஒருவரே. அத்தகையவரிடம் பிள்ளை மறுத்துப் பேசலாம். ஆனால் அந்த மறுப்புக்கு இன்னொரு பிள்ளையின் துணை கிடைக்காது.

பத்தொன்பதாம் வயதை ஒட்டி அது மாறியது. பின்னாளில் கிரேக்க வரலாறு எழுதிப் புகழ்பெற்ற ஜார்ஜ் குரோட், லண்டன் த்ரெட்நீடில் தெருவில் இருந்த தம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கித் தந்தார். வாரத்தில் இரு நாள் காலை எட்டரை முதல் பத்து வரை, வேலைக்குப் போகுமுன், ஏறக்குறைய ஒரு டஜன் இளைஞர்கள் அங்கே கூடினர். ஒருவர் நூலின் ஒரு பகுதியை உரக்கப் படிப்பார். மறுப்பு உள்ளவர் அங்கேயே எழுப்பலாம். சிறியதோ பெரியதோ, எழுந்த ஐயம் தீராமல் அடுத்த பகுதிக்குப் போவதில்லை. ஒரே சிக்கல் வாரக்கணக்கில் நீண்டதும் உண்டு. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்ட நூல் ஜேம்ஸ் மில்லின் பொருளியல் நூல். தந்தையின் நூலைத் தந்தை இல்லாத அறையில் மகன் வரிவரியாகச் சோதிக்கிறார்! அடுத்தது ரிக்கார்டோ. தாம் சுயமாகச் சிந்திக்கத் தொடங்கியது இந்த உரையாடல்களிலிருந்துதான் என்று மில் பதிவு செய்கிறார். பன்னாட்டு மதிப்புகள் பற்றிய அவருடைய கோட்பாடும் இங்கே முளைத்ததே. முந்தைய பயிற்சி இல்லாமல் இது நடந்திருக்காது என்பது உண்மை. அந்தப் பயிற்சி மட்டும் போதவில்லை என்பதும் அதே அளவு உண்மை.

அமெரிக்காவில் இன்று வீட்டுவழிச் செவ்வியல் கல்வியைப் பரப்பும் இயக்கத்தின் மூல ஆவணம் டோரதி சேயர்ஸ் 1947இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரை. துப்பறியும் கதைகளால் பெயர்பெற்ற அவரும் பதினைந்து வயதுவரை வீட்டில் படித்தவர். லத்தீன் கற்பித்தவர் பாதிரியாரான தந்தை. இடைக்காலத்தின் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி ஆகிய மூன்றையும் குழந்தையின் மூன்று பருவங்களாக அவர் வகுத்தார்: கிளிப்பிள்ளைப் பருவம், எதிர்வாதப் பருவம், கவிப் பருவம். தம் இளமையை நினைவுகூர்ந்தே இதைச் சொல்வதாக அவரே ஒப்புக்கொண்டிருந்தார். அந்த அடக்கம் பின்வந்த பாடத்திட்டங்களில் காணாமல் போயிற்று. 1999இல் சூசன் வைஸ் பாயரும் அவர் தாய் ஜெஸ்ஸி வைஸும் எழுதிய கையேடு இந்தப் பகுப்பை வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. அவ்வாண்டு அமெரிக்காவில் வீட்டில் படித்த பிள்ளைகள் ஏறக்குறைய 8,50,000 பேர் என்பது அரசின் மதிப்பீடு. பருவப் பகுப்பை அப்படியே பின்பற்றினால், கேட்டு மறுக்கும் உரிமை சிறுபிள்ளைக்குத் தள்ளிப்போடப்படுகிறது. வீட்டில் தனியாகப் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஒத்திவைப்பு இரட்டைக் கேடு.

இதற்கு மாற்று மரபும் அமெரிக்காவிலேயே உண்டு. 1920இல் கொலம்பியாவில் ஜான் எர்ஸ்கின் தொடங்கிய வகுப்பு, சிகாகோவில் ஹட்சின்ஸும் ஆட்லரும் நடத்திய வகுப்பு, 1937இல் அன்னாபொலிஸின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி மேற்கொண்ட பாடத்திட்டம் என்று அது வளர்ந்தது. 1947இல் உருவான 'கிரேட் புக்ஸ் ஃபவுண்டேஷன்' வகுத்த விதிகள் எளியவை. நூலைப் படிக்காதவர் பேசக் கூடாது. பேச்சு நூலை விட்டு விலகக் கூடாது. கருத்துக்கு நூலிலிருந்தே சான்று வேண்டும். நடத்துபவர் கேட்கலாம், விடை சொல்லக் கூடாது. சிறுவர்க்கான திட்டத்தையும் அவர்கள் 1960களிலேயே நடத்தினர்.

இலியத்தின் கடைசிக் காண்டத்தை எடுத்துக்கொள்வோம். மகனைக் கொன்றவனின் கையை முத்தமிட்டு, மகனின் உடலைக் கேட்கிறான் பிரியம். அக்கிலீஸ் அழுகிறான், பிறகு உடலைத் தருகிறான். இரக்கம் என்று ஒரு மாணவி சொல்லக்கூடும். ஈடு பெற்றுக்கொண்டு உடலைக் கொடு என்ற சீயுஸின் ஆணைக்கு அவன் முன்னமே இசைந்துவிட்டானே, இது கீழ்ப்படிதல்தானே என்று இன்னொருவர் கேட்கலாம். அழுதது யாருக்காக, தன் தந்தைக்கும் பட்ரோக்ளஸுக்கும்தானே என்பார் மூன்றாமவர். சற்று நேரத்திலேயே கிழவனை அவன் மிரட்டுவதையும் யாராவது காட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நூலில் இடமுண்டு. விடைக்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் தாய் இவற்றில் எத்தனையை எழவிடுவார்?

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். வீட்டுவழிக் குடும்பங்கள் சேர்ந்து அமைக்கும் வகுப்பிலும் ஒரே சமயநம்பிக்கை, ஒரே அரசியல் உடையோர்தானே கூடுகிறார்கள்? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. அங்கே முன்தீர்மானித்த விடையை நோக்கி நகர்த்தும் கேள்விகள் சாக்ரடீஸின் பெயரால் வலம்வருகின்றன. அவை வேடமிட்ட வினாவிடைப் பாடங்கள். ஆனாலும் இரண்டாவது வீட்டுப் பிள்ளை ஒருவர் வந்து உட்கார்ந்தாலே நிலைமை சற்று மாறிவிடும். அவர் இந்த வீட்டுத் தாய்க்குப் பிரியமானதைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். புலமையில் கால் பங்கை ஆசிரியரிடமும் கால் பங்கை உடன் பயில்வோரிடமும் எஞ்சிய பாதியைப் பிறர்க்கு உரைப்பதிலும் வைத்த நன்னூலார் கணக்கின்படி, தாயும் பிள்ளையும் மட்டும் உள்ள வகுப்பில் முக்கால் பங்குக்கு இடமே இல்லை.

லத்தீன் வேற்றுமை உருபுகளையும் வடிவியல் நிறுவல்களையும் பேசியே கற்றுவிட முடியாது. ஆட்லரே 1982இல் எழுதிய கல்வித் திட்டத்தில் நேரடிப் போதனை, பயிற்சி, கருத்தரங்கு மூன்றையும் தனித்தனியாக வைத்தார். மூன்றும் எல்லா வயதிலும் உடன்நடக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பெற்றோர் முதல் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். மூன்றாவதற்குப் பிற வீட்டுப் பிள்ளைகளும் நடத்துவதற்கு வேறொருவரும் வேண்டும். அந்த நேரத்தில் பெற்றோர் அறைக்கு வெளியே இருப்பது நல்லது. இதை ஏழு வயதிலேயே தொடங்கலாம். பத்தொன்பது வரை காத்திருக்கத் தேவையில்லை.