வட்டுக்கோட்டையில பூட்டின பள்ளிக்கூடம்

நான் இருக்கிறது யூனியன்வில்லில ஒரு வீட்டுப் பேஸ்மென்ற்றில. மேல்வீட்டுத் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு. கிழமையில ரெண்டு நாள் அவனுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கிறன் (வாடகையில கொஞ்சம் கழியும், அதையும் மறைக்கேல்லை). இப்ப மக்பெத் நடக்குது.

போன செவ்வாய் பாடம் முடிஞ்சு புத்தகத்தை மூடுற நேரம் அவன்ர அப்பா படியில நிண்டு கேட்டார். "பிள்ளை, இவன்ர சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிப்பாட்டினா இங்கிலீசு மார்க்ஸ் கூடும்தானே?"

அவரைக் குறை சொல்ல ஏலாது. ஒன்ராறியோவில பள்ளிக்கூடம் முடிக்கிறதுக்கு நாலு இங்கிலீசுக் கிரெடிட் வேணும். பல்கலைக்கழகம் போறதெண்டால் பன்னிரண்டாம் வகுப்பு இங்கிலீசு இல்லாமல் கதவு திறக்காது. ரெண்டு வேலை செய்யிற மனுசன், மகன்ர மார்க்ஸைத்தான் பாப்பார். "யோசிச்சுச் சொல்லுறன் அங்கிள்" எண்டு சொல்லிப்போட்டுக் கீழ வந்திட்டன்.

வந்து இருந்தால் நித்திரை வரேல்லை. நான் படிக்கிறது சரித்திரம். இதே கேள்வியை 170 வருசத்துக்கு முதல் வட்டுக்கோட்டையில கேட்டிருக்கினம். அதைத்தான் இண்டைக்கு எழுதப் போறன்.

அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். 1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூவர். நோக்கம் ஒளிவுமறைவானதல்ல, மதம் பரப்புவதுதான். ஆனால் அவர்கள் போட்ட திட்டம் அதைவிடப் பெரியது. ஆங்கிலம் நன்றாகப் படிப்பிக்க வேண்டும், தமிழும் இலக்கண இலக்கியத்தோடு ஆழமாகப் படிப்பிக்க வேண்டும் என்பது அது. கணிதம், வானியல், தர்க்கம், சம்ஸ்கிருதம் எல்லாம் அதோடு சேர்ந்தன. 1850இல் இலங்கைக் கிறிஸ்தவம் பற்றிப் புத்தகம் எழுதிய எமர்சன் ரெனென்ற், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பிடக்கூடிய இடம் என்று இதைப் புகழ்ந்தார்.

எல்லாம் பாலும் தேனும் எண்டு நினைச்சிடாதேங்கோ. படிச்சது பெரும்பாலும் வெள்ளாளப் பெடியள். மற்றச் சாதிப் பிள்ளையளுக்கு அந்தப் படலை லேசில திறக்கேல்லை. பெடியளின்ர பேரும் மாறிச்சுது. அமெரிக்காவில காசு குடுத்தவையின்ர பேரைப் பிள்ளைக்கு வைப்பினம். அப்பிடித்தான் ஒரு விசுவநாதபிள்ளை 'கறல்' விசுவநாதபிள்ளை ஆனார். இங்க எங்கட பிள்ளையள் வகுப்பில ரீச்சருக்குச் சுகமா இருக்கட்டும் எண்டு பேரை வெட்டிச் சுருக்கிறது ஞாபகம் வருது.

முப்பது வருசம் நடந்தது. பிறகு 1855இல் பொஸ்ரனில் இருந்து மிசன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் வந்தார். அவருடைய கணக்கு வேறு. இவ்வளவு செலவழித்து ஆங்கிலம் படிப்பித்தால், பெடியள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்கும் கச்சேரிக்கும் போகிறார்கள். ஊர்ச் சபைகளுக்குப் போதகர் வேண்டுமென்றால் தாய்மொழியில் படிப்பித்தால் போதும். அதே வருடம் செமினரி பூட்டப்பட்டது. உடுவில் பெண்கள் பாடசாலையிலும் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது.

முதல்தரம் இதை வாசிக்கேக்க எனக்கே குழப்பமாத்தான் இருந்தது. "தாய்மொழியில் படிப்பியுங்கள்" எண்டு ஒரு வெள்ளைக்காரன் 1855இல சொல்லியிருக்கிறான், நல்ல விசயம்தானே? ஆனால் அது ஏன் சொல்லப்பட்டது எண்டு பாருங்கோ. தமிழ் வளரட்டும் எண்ட ஆசையில இல்லை. ஊரை விட்டுப் போகாத, குறைஞ்ச சம்பளத்துக்கு வேலை செய்யிற ஆக்கள் வேணும் எண்டதுக்காக. மொழியைத் தெரிவு செய்தது படிக்கிற பிள்ளையுமில்லை, தாய் தேப்பனுமில்லை.

பூட்டி ரெண்டு வருசத்தில, 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்குது. அதின்ர முதல் பி.ஏ. பட்டதாரிகள் ரெண்டு பேர். ஒருத்தர் கறல் விசுவநாதபிள்ளை, மற்றவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. ரெண்டு பேரும் வட்டுக்கோட்டையில் இருந்து வந்தவை.

இங்கதான் அண்டர்சன்ர கணக்குப் பிழைச்சுது எண்டு நான் நினைக்கிறன். இங்கிலீசு படிச்சவன் உத்தியோகத்துக்குப் போவான் எண்டது சரி. தாமோதரம்பிள்ளையும் போனார், கடைசியில் புதுக்கோட்டையில் நீதிபதியாகக்கூட இருந்தார். ஆனால் அதோடு நிற்கவில்லை. 1868இல் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சிட்டார். 1881இல் வீரசோழியம், 1885இல் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. செல்லரித்த ஏடுகளைத் தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்துப் பதிப்பித்தார். உ.வே.சா.வின் சீவகசிந்தாமணி வந்ததும் அதே 1887இல்தான். விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணித நூல் எழுதினார்.

இங்கிலீசு படிச்சதாலதான் இதெல்லாம் நடந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை. உ.வே.சா. அந்தப் பாதையால வந்தவரில்லைத்தானே. நான் சொல்லுறது ஒண்டுதான். ஒரே பள்ளிக்கூடத்தில ரெண்டு மொழியையும் சரிசமனா, கடுமையாப் படிப்பிச்சால் ஒண்டு மற்றதைத் தின்னும் எண்டது கட்டாயமில்லை.

இன்னொரு ஆள், எதிர்ப்பக்கம் நிண்டவர். ஆறுமுக நாவலர். அவரும் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் தமிழும் ஆங்கிலமும் படிப்பித்தவர்தான். அதை விட்டுவந்து மிசனரிமாரோடு மல்லுக்கட்டின மனுசன், 1872இல் வண்ணார்பண்ணையில் தானே ஒரு சைவாங்கில வித்தியாசாலை தொடங்கினார். பிள்ளைக்கு ஆங்கிலம் வேணும், அதுக்காக மதத்தை மாத்த வேண்டாம் எண்டதுதான் அவற்ற கதை. காசில்லாமல் அது கன காலம் ஓடேல்லை. அதே 1872இல்தான், பூட்டின செமினரி இருந்த இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியும் திறந்தது. அதுக்கு ஊர்க் கிறிஸ்தவர்களும் முன்னுக்கு நிண்டவை. சண்டை பிடிச்ச ரெண்டு பகுதியும் ஒரே வருசத்தில அண்டர்சனுக்கு ஒரே பதிலைச் சொல்லியிருக்கினம் :-)

திரும்பி யூனியன்வில்லுக்கு வாறன். மக்பெத்தில சீமாட்டி நித்திரையில எழும்பிக் கையைக் கழுவுற கட்டம் இருக்கெல்லே. அதைப் படிப்பிக்கேக்க தம்பி கேட்டான்: "அக்கா, அம்மா 'கை கழுவி விட்டுட்டாங்கள்' எண்டு சொல்லுவா, அதுவும் இதுவும் ஒண்டோ?" இல்லையடா, எங்கட கை கழுவல் பொறுப்பை விட்டிட்டுப் போறது, இவவின்ர கை கழுவல் விட்டிட்டுப் போக ஏலாமல் இருக்கிறது எண்டன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு அதையே வைச்சு ஒரு பந்தி எழுதினான், முழுக்க இங்கிலீசில. இந்த வருசம் அவன் எழுதினதில அதுதான் திறம். அந்தப் பந்தி எங்க இருந்து வந்தது? தாயின்ர குசினித் தமிழில இருந்து.

என்ர கதை வேற. தீசிஸ் எழுதுறது யாழ்ப்பாணத்துச் சனத்தைப் பற்றி, ஆனால் முழுக்க இங்கிலீசில. அம்மா போனில "என்னடி எழுதுறாய்" எண்டு கேட்டால் ரெண்டு வசனத்தில முடிச்சிடுறன். அவவால வாசிக்க ஏலாத ஒண்டை அவவின்ர ஊரைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறன் எண்டது முள்ளு மாதிரிக் குத்துது. இதையெண்டாலும் தமிழில எழுதுவம் எண்டு இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

வியாழக்கிழமை அங்கிளிட்ட அந்தப் பந்தியைக் காட்டினன். தாமோதரம்பிள்ளையின்ர கதையையும் சொன்னன். பொறுமையாக் கேட்டார். "அவை அந்தக் காலத்து மூளைசாலியள் பிள்ளை, இவன் கேம் விளையாடுறவன்" எண்டார். பிறகு, "சரி, இந்த வருசம் முடியட்டும்" எண்டார்.

தம்பியை மட்டும் நாங்கள் ரெண்டு பேருமே கேக்கேல்லை. அது இப்ப எழுதேக்கதான் உறைக்குது. வாற செவ்வாய்க்கிழமை முதல் வேலை அதுதான்.

உங்கட வீடுகளில ஆர் தீர்மானிச்சது எண்டு சொல்லுங்கோ, கேக்க ஆசை.