அறுவை: துணிக்கு ஒரு பழைய பெயர்

அருப்புக்கோட்டை வட்டாரத்தில் தறி ஓடும் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் "இன்னும் அறுக்கலையா?" என்று கேட்பதுண்டு. நெசவு தெரியாதவர் காதில் அது வயல் வேலை போல விழும். கேள்வி சேலையைப் பற்றியது. ஒரே பாவில் பல சேலைகள் அடுத்தடுத்து நெய்யப்படும். ஒன்றின் முந்தி முடிந்ததும், அடுத்ததைத் தொடங்கும் முன், நெசவாளர் பாவில் கொஞ்சத்தை ஊடை ஓட்டாமல் வெறும் இழையாக விட்டுவிடுவார். கத்தி படுவது அந்த இடத்தில்தான். அறுத்தபின் தொங்கும் இழைகளைச் சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து முடிந்தால் குஞ்சம். அறுத்து, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. அதுவரை எத்தனை நாள் உழைப்பானாலும் அது தறியில்தான் கிடக்கும்.

இந்த அறுப்பை வைத்தே நம் முன்னோர் துணிக்குப் பெயரிட்டார்கள். சங்க இலக்கியத்தில் துணிக்கு வழங்கும் பெயர்களில் ஒன்று 'அறுவை'. போர்ப்பது போர்வை, கோப்பது கோவை, அறுத்து எடுத்தது அறுவை. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணனுக்குக் கொடுக்கும் ஆடை மூங்கிலின் மெல்லிய பட்டையை உரித்தாற்போல இருக்கிறது. அந்நூலைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் அதைச் சொல்வதும் அறுவை என்ற சொல்லால்தான். மதுரையில் துணி விற்ற ஒருவர் கவிதையும் எழுதினார். அவர் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்.

இலக்கியத்தை விட எனக்குப் பெரிய சான்றாகப் படுவது அழகர்மலைக் குகையின் தமிழ் பிராமி எழுத்துகள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தையவை. சமணத் துறவிகளுக்கு உதவிய வணிகர்கள் தங்கள் தொழிலையும் பெயரையும் அங்கே பொறிக்க வைத்திருக்கிறார்கள். உப்பு வணிகன் இருக்கிறான், ஏர்க்கொழு விற்ற கொழு வணிகன் இருக்கிறான், அறுவை வணிகனும் இருக்கிறான். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் இவற்றைப் படித்து 2003இல் வெளியிட்ட பெருநூலில் தொகுத்தார். புலவர்கள் ஓசைக்காகத் தேடி எடுத்த சொல்லாக அறுவை இருந்திருந்தால் இந்தக் கல்லில் அதற்கு வேலை இல்லை. கடைவீதியில் எல்லோரும் சொன்ன சொல் என்பதால்தான் கல்வெட்டுக்கு வந்தது.

உப்பை விடுங்கள். கொழுவும் அறுவையும் ஒரே குகையில் பக்கம் பக்கமாக இருப்பதில் ஒரு விந்தை உண்டு. பழைய ஆங்கிலத்தில் வெட்டுதலைக் குறிக்க 'ஷெரன்' என்பது போல ஒலித்த ஒரு வினை இருந்தது. இன்று செம்மறியின் ரோமத்தைக் கத்தரிப்பதற்குச் சொல்லும் 'ஷியர்' அதன் நேர் வாரிசு. ஏர்க்கொழுவுக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ஷேர்' என்ற பெயரும், பங்கு என்ற பொருளில் நாம் பங்குச்சந்தையில் கேட்கும் 'ஷேர்' என்ற சொல்லும் அந்த வெட்டிலிருந்து வந்தவை: ஒன்று மண்ணை வெட்டுவது, மற்றது வெட்டிப் பிரித்தது. 'ஷார்ட்' என்றால் வெட்டிக் குறைத்தது. குட்டையாக வெட்டிய உடை 'ஷர்ட்'. வடக்கு ஐரோப்பியக் கடலோடிகளின் மொழி வழியாக அதே சொல் மறுபடி ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது 'ஸ்கர்ட்' ஆயிற்று. ஆக, கொழுவும் சட்டையும் அங்கே ஒரே வேரில் பிறந்த பிள்ளைகள். இங்கே வேர் வேறு வேறு, வணிகர்கள் மட்டும் அக்கம்பக்கம்.

ஆனால் இரண்டு வெட்டும் ஒன்றல்ல. ஆங்கிலத்தின் வெட்டு ஆடையின் அளவைக் குறைப்பது. தமிழின் அறுப்பு தறியிலிருந்து துணியை விடுவிப்பது. தைக்காமல் உடுத்திய நாட்டில் ஓர் ஆடையின் மேல் கத்தி பட்டது பெரும்பாலும் அந்த ஒரு தடவைதான். சேலைக்கும் துண்டுக்கும் இன்றும் அதே கதை.

அறுவை தனிச்சொல்லும் இல்லை. இன்று நாம் நாள்தோறும் சொல்லும் 'துணி'யும் வெட்டைக் குறிக்கும் வினைதான். துணிதல் என்றால் அறுபடுதல், துணித்தல் என்றால் வெட்டுதல். பகைவன் தலையைத் துணித்தான் என்று பழைய கதைகளில் படித்திருப்போம். மனத்தில் இருக்கும் இரண்டு எண்ணங்களில் ஒன்றை வெட்டி எறிவதால் முடிவெடுப்பதும் துணிதல் ஆனது, அதிலிருந்து துணிவு. லத்தீனும் இதே வழியில் போயிருக்கிறது: ஆங்கிலத்தில் தீர்மானிப்பதைச் சொல்லும் 'டிசைட்' என்ற சொல்லுக்கு அடியில் இருப்பதும் வெட்டுதான். 'துண்டு' துணியின் உடன்பிறப்பு. 'கிழி' என்றால் கிழித்த துணி. பொற்கிழி என்றால் பொன்னை முடிந்த துணி. திருவிளையாடல் கதையில் தருமி கேட்டது அதைத்தான். கூறைப் புடவையின் 'கூறை'யைக் கூறு போடுதலோடு சேர்த்துச் சொல்வார்கள். மயிலாடுதுறையில் உள்ள கூறைநாடு அந்தச் சேலையால் பெயர் பெற்ற ஊர். வேட்டியை வெட்டு என்பதிலிருந்து வருவிப்பவர்களும் உண்டு. உடலைச் சுற்றுவதைச் சொல்லும் வடமொழி வினையிலிருந்து வந்தது என்பது மறுதரப்பு. குறில் நெடிலான காரணம் சரியாக விளங்காதவரை நான் இதை அறுவையின் வரிசையில் சேர்க்க மாட்டேன்.

தறியே வெட்டில் பிறந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தறித்தல் என்றால் மரத்தை வெட்டுதல். வெட்டி நட்ட கம்பம் தறி. யானையைக் கட்டியதும் தறி, நெசவுக்கு நட்டதும் தறி. கம்பன் வீட்டுக் கட்டுத்தறி கவி பாடும் என்ற பழமொழியில் அது மாடு கட்டும் முளையா, நெசவுத் தறியா என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். இவ்வளவு அறுப்பைப் பார்த்த பிறகு அருப்புக்கோட்டையையும் இதில் இழுத்துவிட ஆசை வரும். நெசவு ஊர், பெயரிலும் 'அருப்பு'. அது பிழை. அறுப்பில் இருப்பது வல்லின றகரம், ஊர்ப்பெயரில் இருப்பது இடையின ரகரம். பேச்சில் இன்று இரண்டும் ஒன்றாகிவிட்டாலும் பழந்தமிழுக்கு அவை வேறு ஒலிகள், வேறு வேர்கள். மல்லிகை அரும்பு விளைந்ததால் அரும்புக்கோட்டை என்பது ஊரார் சொல்லும் காரணம். சங்க இலக்கியத்தில் அருப்பம் என்றால் எளிதில் நெருங்க முடியாத அரண் என்பதையும் நினைவில் வைக்கலாம். எதுவானாலும் நெசவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. அரிவாளின் 'அரி'யும் ரகரம்தான். அறுவடைக்குப் பயன்படும் கருவியானாலும் அறுவைக்கு உறவில்லை.

அறுவை துணியாக இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. துணி என்ற சொல் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் இன்று அறுவை என்றால் மருத்துவமனை நினைவுக்கு வரும். இலங்கையில் அதற்குச் சத்திரசிகிச்சை என்பதால் அங்கே அந்தப் பொருளும் இல்லை. கல்லூரி விடுதிகளில் சலிப்பூட்டும் பேச்சுக்கும் அதுவே பெயர். 2000 ஆண்டுப் பழைய சொல்லுக்கு இந்த நிலை வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆனால் சொல் முழுதும் சாகவில்லை. கன்னடத்தில் றகரம் ரகரமாகிவிட, அது 'அரிவே' என்ற வடிவில் துணியைக் குறித்தது, வட கர்நாடகப் பேச்சில் இன்னும் குறிக்கிறது. அருப்புக்கோட்டையில் பெரும் எண்ணிக்கையில் வாழும் தேவாங்கர்கள் வீட்டில் கன்னடம் பேசுபவர்கள், பரம்பரை நெசவாளர்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் தரும் ஆடைப் பட்டியலில் 'தேவாங்கு' என்றே ஒரு துணிவகை இருக்கிறது. இவர்களோடு சாலியர்களும் தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்தில் தறி போட்டவர்கள். தமிழ் அறுவையும் கன்னட அரிவேயும் ஒரே தெருவில் சந்தித்திருக்கக் கூடிய ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இருக்காது.

கைத்தறி இடத்தை விசைத்தறி எடுத்துக்கொண்டு வருகிறது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். பாளையம்பட்டியிலும் அருப்புக்கோட்டைத் தெருக்களிலும் அவர்களிடம் போய்க் கேட்டு எழுதி வைக்க வேண்டியது நிறைய: இரண்டு சேலைக்கு நடுவில் விடும் வெற்றுப் பாவுக்கு என்ன பெயர், அறுக்கும் கத்திக்குத் தனிப்பெயர் உண்டா, அறுத்த பின் தறியில் மிஞ்சும் இழையை எப்படிச் சொல்வார்கள், தேவாங்கர் வீட்டிலும் சாலியர் வீட்டிலும் இவற்றுக்கு ஒரே சொல்தானா. இதற்குப் பல்கலைக்கழகம் வரை போக வேண்டியதில்லை. ஊரிலேயே தேவாங்கர் கலைக் கல்லூரி இருக்கிறது. தமிழ் படிக்கும் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம்.