நடை மிஞ்சியது, முகம் மறைந்தது

பாரிஸ் நகரின் எல்லையில், புலோன் காட்டை அடுத்த திறந்தவெளியில், 1883, 84ஆம் ஆண்டுகளில் விந்தையான கோலத்தில் மனிதர் நடந்து காட்டினர். தலை முதல் கால்வரை கரிய உடை. முகத்தையும் கருந்துணி மூடியிருந்தது. கைகால்களின் நெடுக வெண்பட்டைகள். மூட்டுகளில் ஒளிரும் பொத்தான்கள். பின்னே கருமை படர்ந்த கொட்டகை. ஒளித்தகட்டைக் கழுவிப் பார்த்தால் அதில் ஆள் இல்லை, நடை இருந்தது. சாய்ந்தும் நிமிர்ந்தும் விசிறியென விரிந்த வெண்கோடுகள், அவ்வளவே.

இம்முறையை வகுத்தவர் உடலியல் அறிஞர் எத்தியென் ஜூல் மாரே (1830-1904). ஓடுபவனின் காலணிக்கடியில் காற்றறை பொருத்தி, அடியின் அழுத்தத்தை ரப்பர்க் குழாய் வழியே அவன் கையிலுள்ள உருளையில் கோடாக வரையச் செய்தவர் அவர். புலன்களின் சாட்சியை அவர் எளிதில் நம்புவதில்லை. 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 ஒளிப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒருகணம் நிலம் தொடாதிருப்பதைக் காட்டினார். அப்படங்களே மாரேயை ஒளிப்படத்தின்பால் திருப்பின. எனினும் இடந்தோறும் ஒரு கருவி என்பது அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒரே இடம், ஒரே தகடு. சம இடைவெளியில் ஒளியை உள்ளே விடும் துளையிட்ட சுழல்வட்டு. 1882இல் தோன்றிய உடலியல் நிலையத்தில் இதைக் கையாண்டார்.

ஒரு தடை எழுந்தது. மெல்ல நடப்பவனின் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பின. உடல் நிறைந்திருந்தால் அசைவு தெளியவில்லை. ஆகவே உடலைக் கருமையில் மறைத்தார். அளவைக்காக அவர் தீட்டிய அக்கோடுகள் மார்செல் துஷாம்பின் கண்ணில் பட்டு, 1912இல் படியிறங்கும் பெண்ணின் ஓவியமாயின என்பது தனிக்கதை.

அக்கரிய உடையை அணிந்து நின்றவர்களுள் ஒருவர் மாரேயின் உதவியாளர் ஜார்ஜ் தெமெனி. நிலையத்தின் அன்றாடப் பணிகளைத் தாங்கியவரும் அவரே. 1891இல் அவர் மூடாத முகத்தோடு கருவியின்முன் வந்தார். பாரிஸில் செவிப்புலன் இழந்தோர்க்கான பள்ளியில் உதட்டசைவைப் படிக்கக் கற்பிப்பதற்காக எடுத்த முயற்சி அது. அவர் சொல்லிப் படமாக்கிய தொடர்களுள் ஒன்று ‘பிரான்ஸ் வாழ்க’. மற்றொன்று ‘உங்களை நேசிக்கிறேன்’. ‘உன்னை’ அன்று, ‘உங்களை’. பிரெஞ்சிலும் அப்படித்தான் சொன்னார்.

தனித்தனியே பார்த்தால் அப்படங்கள் வெறும் முகக்கோணல்கள். வாய் பிளந்து, கன்னம் இழுபட்டு, காதலுக்குரிய எக்குறியும் இன்றி நிற்பவை. அவற்றைக் கண்ணாடி வட்டின் விளிம்பில் பதித்துச் சுழற்றினால் உதடுகள் பேசின. 1892இல் தெமெனி உரிமை பெற்ற கருவி அது.

மாரே நாடியது பிரித்தறிதலை. பிரித்த கணங்களை மீண்டும் கோத்துக் காட்டினால், கண் முன்பே கண்டதைத்தானே அது காணும் என்பது அவர் எண்ணம். அறிவியலின் அளவில் அது பிழையன்று. ஆயினும் கேளாதார் ஒருவர்க்கு அந்த உதடுகள் தந்ததை வெண்கோடுகள் தந்திருக்க இயலாது. தெமெனி தம் கருவியை வணிகமாக்கவும் முனைந்தார். பிணக்கு முற்றி 1894இல் நிலையத்தினின்றும் விலக்கப்பட்டார். மறு ஆண்டின் இறுதியில் லூமியேர் உடன்பிறந்தோர் அதே பாரிஸில் கட்டணம் பெற்றுத் திரைப்படம் காட்டினர். தெமெனி உடற்பயிற்சிக் கல்விக்குத் திரும்பி, நடப்பதையும் ஓடுவதையும் பிறர்க்குக் கற்பித்து, 1917இல் மறைந்தார்.