உச்சிப்புளி – தனுஷ்கோடிக் கடற்கரைச் சுற்றுலா

இராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி தொடங்கி மண்டபம், பாம்பன், இராமேசுவரம் வழியாகத் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் முடியும் கடற்கரைப் பயணம். வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அலையடங்கிய வடகடலைப் பெண் கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் மீனவர் சொல்வர். உச்சிப்புளிக்கு அருகே வடகரையில் அரியமானும் தென்கரையில் புதுமடமும் இருப்பதால், பாம்பன் தீவுக்குள் நுழையாமலே ஒருவர் இரு கடலையும் பார்த்துவிடலாம். பெரும்பாலோர் அப்படிச் செய்வதில்லை.

இக்கரைக்கு வந்த பயணியர் நெடுங்காலம் யாத்திரிகரே. இராமன் கட்டியதாகச் சொல்லும் அணையான சேதுவுக்குச் செல்லும் வழியைக் காப்பது இராமநாதபுரம் மன்னர்களின் கடமையாக இருந்தது. அவர்களின் சேதுபதி என்னும் பட்டமும் அதையே குறிக்கிறது. வழியெங்கும் சத்திரங்களும் மடங்களும் எழுந்தன. படகுத்துறையில் யாத்திரிகரிடம் வரி பிடுங்கிய மருமகனுக்குச் சேதுபதி மரண தண்டனை விதித்தார் என்றும், அவனை மணந்திருந்த மன்னர் மகள்கள் இருவரும் தீப்பாய்ந்தனர் என்றும், அவர்கள் நினைவாக எழுந்தவையே அக்காள்மடமும் தங்கச்சிமடமும் என்றும் வழிவழியாகச் சொல்வர். இரண்டு ஊரும் பெயர் மாறாமல் நிற்கும்போது இதை வெறுங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து பாம்பனில் வந்திறங்கிய விவேகானந்தரைப் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். குந்துகாலில் அதற்கு நினைவு மண்டபம் உள்ளது.

யாத்திரையைச் சுற்றுலாவாக மாற்றியது ரயில்தான். 1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை தண்டவாளம் வந்தது. அதற்கு மேல் தோணி. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டதும் அந்தத் தோணிப் பயணம் முடிவுக்கு வந்தது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலத்தின் தூக்குப்பகுதி இரண்டாகப் பிளந்து மேலெழுந்தது. கப்பலோ பெரிய படகோ வந்தால் ஆட்கள் நெம்புகோல்களைக் கையால் சுழற்றித் திறந்தனர். அதே ஆண்டு தனுஷ்கோடி – தலைமன்னார் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியது. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டில் கொழும்பு வரை போக முடிந்தது: தனுஷ்கோடித் துறையில் ரயிலை விட்டிறங்கிக் கப்பலேறி, தலைமன்னாரில் இலங்கை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. மக்கள் இதைப் போட் மெயில் என்றனர். பிற்காலத்தில் இந்தக் கடலில் ஓடியவை இர்வின், கோஷன் என்னும் இரு கப்பல்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களோடு, இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளரும் இவ்வழியாகவே சென்றனர். ஆனால் அவர்கள் முதலில் மண்டபம் முகாமில் அடைபட்டு, நோயில்லை என்று சோதிக்கப்பட்ட பிறகே கப்பலேற முடிந்தது. இலங்கை அரசு நடத்திய அந்த முகாம் இருந்த இடம் இன்றும் மண்டபம் கேம்ப் என்றே வழங்குகிறது.

1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் ஒன்று நூற்றுக்கும் மேற்பட்டோருடன் கடலுக்குள் போனது. அரசு அவ்வூரை மக்கள் வாழத் தகுதியற்றதென அறிவித்துத் திரும்பக் கட்டாமல் விட்டது, அதுவே சரி. மீனவக் குடும்பங்கள் மட்டும் குடிசை போட்டுத் தங்கின. தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் தண்ணீர்த் தொட்டி போன்ற இடிபாடுகளே இன்று அங்கே காட்சிப் பொருள்கள். கப்பல் அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடி, 1980-களில் இலங்கை இனப்போரோடு நின்றது.

1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த இந்திரா காந்தி சாலைப்பாலம் பேருந்துக் கூட்டத்தைத் தீவுக்குள் கொண்டுவந்தது. காலையில் வந்து மாலையில் திரும்பும் வழக்கமும் அதோடு பரவியது. வருவோரின் வேலை பெரும்பாலும் இராமேசுவரம் கோயிலிலேயே முடிகிறது. அக்னி தீர்த்தக் கடலில் முழுகி, ஈரத்துணியோடு கோயிலுக்குள் சென்று 22 தீர்த்தங்களில் வரிசையாக நிற்க வேண்டும். கிணற்று மேட்டில் நிற்பவர் கயிறு கட்டிய வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுவார். அடுத்த கிணற்றுக்கு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டியதுதான். உலர்ந்த உடைக்கு மாறிய பிறகே சுவாமி தரிசனம். 1,212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிரகாரத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. தூண்களுக்கு நடுவே வழுக்காமல் நடப்பதிலேயே கவனம் போய்விடும்.

உச்சிப்புளியை ரயிலும் பேருந்தும் நின்று போகும் ஊராக மட்டுமே பயணக் கையேடுகள் கண்டுகொள்கின்றன. பனங்காடும், வலசை என முடியும் சிற்றூர்களும் சூழ்ந்த இவ்வூரில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத் தளம் 2009 முதல் இயங்குகிறது; அது பொதுமக்கள் நுழையும் இடமன்று. அரியமானின் சவுக்குத் தோப்பும், அலையில்லாக் கடலும் குழந்தைகளோடு வருவோருக்கு ஏற்றவை. அருகிலுள்ள பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு விளையாட்டுகள் உண்டு. பருவத்தில் சாலையோரம் பதநீரும் நுங்கும் கிடைக்கும். கருப்பட்டி வாங்குவோர் ஓலைக்கொட்டானோடு வாங்குவது வழக்கம். தென்கடலின் 21 தீவுகள் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால், பெரும்பாலான தீவுகளில் இறங்க அனுமதியில்லை. அவற்றில் ஒன்றான குருசடைத் தீவுக்கு வனத்துறை படகு விடுகிறது.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போடப்பட்டது. பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறக்கப்பட்டதும் அவ்வாண்டே. பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. அதன் அருகே, நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 முதல் பயன்பாட்டில் உள்ளது. மீன் உண்ண வருவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். உணவகங்களில் நாட்டுப்படகு மீனே கிடைக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.