நெகிழியும் பெண்களின் ஹார்மோன்களும்

நெகிழியிலிருந்து கசிந்து, உடலின் ஹார்மோன் ஒழுங்கைக் குலைக்கும் வேதிப்பொருள்களில் பிஸ்பீனால்-ஏ, தாலேட்டுகள் முதன்மையானவை. பிஸ்பீனால்-ஏ ஈஸ்ட்ரோஜன் போலச் செயல்படும் என்பது 1936லேயே தெரியும். அதன் பிறகும் அதைக் கொண்டு பாட்டில் செய்தார்கள் என்பதுதான் விந்தை. பிஸ்பீனால்-ஏ ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு போலிச் சமிக்ஞை தருகிறது. தாலேட்டின் வளர்சிதைப் பொருளோ, சினைப்பைச் செல்களில் அரோமட்டேஸ் நொதியைத் தடுத்து எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் சுரப்பைக் குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களின் இரத்தத்தில் பிஸ்பீனால்-ஏ கூடுதலாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. ஆனால் அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை.

தமிழகத்தில் காவிரி, வெள்ளாறு, தாமிரபரணி ஆறுகளில் பிஸ்பீனால்-ஏ இருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். காங்கேயம் வட்டாரத்தைத் தொட்டுச் செல்லும் நொய்யல் ஆறும் காவிரியில்தான் கலக்கிறது.

தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகள், குவளைகளைத் தடைசெய்தது. எண்ணெய், பால் உறைகள் அந்தத் தடையிலிருந்து தப்பின. தாலேட்டுகள் கொழுப்பில் எளிதில் கரைபவை. ஆகவே தேங்காய் எண்ணெய்க்குப் பேர்போன காங்கேயத்தில் எண்ணெயை எவர்சில்வர் தூக்கிலோ கண்ணாடியிலோ வாங்கி வைப்பது நல்லது.