நோய் தீராத இடத்தில் நோவு தீர்த்தல்

செஞ்சிக்குப் பக்கத்திலே திருநாதர்குன்று என்றொரு பாறைக்குன்று உண்டு. சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த செய்தி அங்கே கல்வெட்டாக இருக்கிறது. எழுத்து வரலாறு பேசுவோர் அதில் வரும் ஐகாரத்துக்காக அதைக் காட்டுவார்கள். எங்கள் சமண வீடுகளிலோ அது சல்லேகனைக்குச் சாட்சி.

மறதி நோயில் இருந்த என் தாயார் சோற்றை வாயிலே வைத்துக்கொண்டு விழுங்க மறந்தபோது, சித்தப்பா சொன்னார்: "அண்ணி சல்லேகனை எடுத்துட்டாங்கடா, விட்டுடுங்க." நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நூல் அப்படிச் சொல்லவில்லை. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் விதித்திருப்பது, பற்றும் பகையும் விட்டு, சுற்றத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு, அறிந்தே உணவைப் படிப்படியாகக் குறைப்பது. பெற்ற பிள்ளையின் பெயரே தெரியாதவர் விரதம் ஏற்பதெப்படி? அது நோயின் வேலை.

மருத்துவமனையிலோ நேரெதிர். மூக்கில் குழாய் செருகினார்கள். அதைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டிலோடு கட்டினார்கள். எனக்கு இரண்டுமே பொறுக்கவில்லை. படிக்க ஆரம்பித்தேன்.

இந்நோய்க்குப் பெயர் தந்த அல்சைமர், பிராங்க்பர்ட்டில் ஆகஸ்தே என்ற 51 வயதுப் பெண்ணைப் பார்த்தது 1901இல். நோவு தணிக்கும் மருத்துவம் தனித்துறையாக எழுந்தது 1967இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய இல்லத்தால். நம் பாந்த்ராவில் சாந்தி அவேதனா சதன் 1986. கோழிக்கோட்டுச் சங்கம் 1993. எல்லாமே புற்றுநோயாளிகளை எண்ணிப் பிறந்தவை. மறதியை 'வயசாச்சு, அப்படித்தான்' என்று ஒதுக்கிவிட்டதால் அதற்கு இந்தக் கவனிப்பு பிந்தி வந்தது. ஐரோப்பிய சங்கம் இதற்கென வழிமுறை வெளியிட்டதே 2014இல்தான். அதே ஆண்டு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம், முற்றிய நிலையில் குழாய் வேண்டாம், கையால் பொறுமையாக ஊட்டுங்கள் என்றது. குழாய் ஆயுளைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. படுக்கைப்புண்ணும் கிளர்ச்சியும்தான் கூடும்.

வலியை இவர்கள் வாயால் சொல்லமாட்டார்கள். புருவச் சுளிப்பு, முனகல், தொட்டால் தள்ளும் கை, இவற்றைப் பார்த்துத்தான் மருந்து தர வேண்டும்.

குழாயை எடுக்கச் சொல்லி அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பொழுது சாய்ந்தபின் உண்ணாத குடும்பம் எங்களுடையது. அவரோ இரவு ஒன்பது மணிக்குத்தான் வாய் திறப்பார். நிமிர்த்தி உட்காரவைத்து, என் மனைவி அரைக்கரண்டி அரைக்கரண்டியாகக் கஞ்சி கொடுப்பாள். சித்தப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். நாலாம் நாள் அவரே கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்.